கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியின் பழைய பதிவேடுகளைத் தேடுகிறேன்

கல்மண்டபத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தாத்தாவின் பாட்டி தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) பொன்னேரிப் பக்கத்திலிருந்து கைக்குழந்தையோடு நடந்தே பட்டணம் வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி வாங்கிக் குடித்திருக்கிறார். அங்கேயே காய்ச்சல் கண்டு, பக்கத்து ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து, அப்புறம் ராயபுரத்திலேயே தங்கிவிட்டார். குழந்தை தங்கவில்லை. பிறகு பிறந்தவர்களின் வழியில் வந்தவர்கள் நாங்கள்.

இன்றைய ஸ்டான்லி மருத்துவமனைதான் அந்தக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று தெரியும். அந்தக் காலத்துச் சேர்க்கைப் பதிவேடு எங்காவது இருக்குமா? பாட்டியின் பெயரை ஒரு தாளில் பார்த்துவிடவேண்டும் என்பது ஆசை. இன்னொன்று, என் தாத்தா 1936ல் ஆர்.எஸ்.ஆர்.எம். (ராஜா சர் ராமசாமி முதலியார்) பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்தவர். அவருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அதையும் தேடுகிறேன். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுருள்:

நல்ல கேள்வி. தேடப் போகும் முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். சத்திரம் வேறு, ஆஸ்பத்திரி வேறு. இரண்டும் ஒட்டியே வளர்ந்ததால் ஊர் வாயில் ஒன்றாகிவிட்டது. ஆனால் காகிதங்கள் இரண்டு திசையில் போயிருக்கின்றன.

1780ல் ஹைதர் அலியின் படை ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கியது. செப்டம்பரில் பொள்ளிலூரில் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை தோற்றது. சுற்றுவட்டாரக் கிராமங்கள் காலியாகி, சனமெல்லாம் பட்டணத்து மதிலை நோக்கி ஓடிவந்தது. வயலில் விளைச்சல் இல்லை, அரிசி கடல் வழியாகத்தான் வரவேண்டும். 1782 அக்டோபரில் அடித்த புயலில் துறைமுகத்துக்கு எதிரே நின்ற அரிசிக் கப்பல்களும் போய்விட்டன. அந்த ஆண்டில்தான் இந்த வடக்கு ஓரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றும் இடம் ஏற்பட்டது. அதுவே சத்திரத்தின் தொடக்கம். வைத்தியம் பின்னால் வந்தது. 1799ல் ஜான் அண்டர்வுட் என்ற கும்பினி மருத்துவர் ஏழை இந்தியர்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். பிறகு சத்திரமும் அதுவும் சேர்ந்து நடந்தன.

இதன் அருமை புரிய வேண்டுமானால் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். சென்ட்ரல் எதிரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி 1664 நவம்பர் 16 அன்று கோட்டைக்குள் தொடங்கியது, கும்பினிச் சோல்ஜர்களுக்காக. இன்றைய இடத்துக்கு 1772ல் வந்தது. அங்கே இந்தியர்களைச் சேர்க்க ஆரம்பித்தது 1842ல்தான். அதுவரை காய்ச்சலில் விழுந்த ஒரு கூலிக்காரருக்குப் படுக்கை என்றால் இந்தக் கஞ்சித்தொட்டிப் பக்கம்தான் வரவேண்டும். பட்டணத்தின் உழைப்பாளி சனத்தின் உடம்பைப் பற்றி யாராவது எழுதிவைத்திருந்தால் முதலில் இங்கேதான் எழுதியிருப்பார்கள். அதனால்தான் இந்தக் காகிதங்கள் முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

1910ல் அரசு ஆஸ்பத்திரியை எடுத்துக்கொண்டது, ராயபுரம் ஆஸ்பத்திரி என்று பெயர் மாறியது. 1934ல் கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரில் மருத்துவப் பள்ளி, 1938ல் கல்லூரி. சத்திரம் தனியாக நின்று, இன்று முதியோர் இல்லமாக நடக்கிறது.

எங்கே தேடுவது என்பதை இரவு வந்து எழுதுகிறேன்.

84 பேட்ச்:

ஸ்டான்லி மாணவன் நான். எங்கள் காலத்தில் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்து வயதான நோயாளிகள் ஸ்டான்லி என்று சொல்லவே மாட்டார்கள். “கஞ்சித்தொட்டிக்குப் போறேன்” என்பார்கள். 1938க்குப் பிறகு அரை நூற்றாண்டு ஆகியும் சனத்தின் வாயில் பழைய பெயரே இருந்தது.

பதிவேடு என்று கேட்டதால் சொல்கிறேன். ஓர் ஆஸ்பத்திரியில் சேர்க்கைப் பதிவேடு, வார்டுப் பதிவேடு, அறுவை அரங்குப் பதிவேடு, பிரசவப் பதிவேடு, இறப்புப் பதிவேடு, மருந்துக் கிடங்குப் பதிவேடு எல்லாம் தனித்தனி. நோயாளிக்கென்று தனியாகக் கேஸ் ஷீட். அது வீட்டுக்குப் போகும்போது முடிக்கப்பட்டு ரெக்கார்டு அறைக்குப் போகும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) அந்த அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. மழைக்காலத்தில் சுவர் ஊறும். ஒரு நாள் மூட்டை மூட்டையாகப் பழைய பேப்பர்காரர் வண்டியில் ஏறியதைப் பார்த்தேன். மேலே கிடந்த ஒரு கட்டில் கைகள் பற்றிய அறுவைக் குறிப்புகள். பிரஸ்ஸில் நசுங்கிய விரல், லேத்தில் சிக்கிய கை. வடசென்னைத் தொழிற்சாலைகளின் வரலாறு அது. ஸ்டான்லியில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கை அறுவைக்கென்று தனித்துறையை வளர்த்தது சும்மா இல்லை, நாள் தவறாமல் அப்படிப்பட்ட கைகள் வந்துகொண்டிருந்தன. எந்த ஆலையில், எந்த ஆண்டில், எத்தனை வயதுப் பையனுக்கு என்று அந்தக் கட்டில் இருந்தது. எடைக்குப் போய்விட்டது. இப்போதும் ஆறவில்லை எனக்கு.

பழைய கோப்பு:

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். டாக்டர் சார் சொன்னது வருத்தம்தான், ஆனால் அது ஏன் நடக்கிறது என்பதற்கு விதி இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் எது பிழைத்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

மெட்ராஸ் மாகாணத்தில் கோப்பு நடைமுறைக்கு டாட்டன்ஹாம் முறை என்று பெயர். ஒரு கோப்பு முடிந்ததும் அதன் ஆயுளை முத்திரையிலேயே சொல்லிவிடுவோம். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். டி.டிஸ். பத்து ஆண்டு, கே.டிஸ். மூன்று, எல்.டிஸ். ஒன்று. நிலம், கட்டடம், பணியிடம், அறக்கட்டளைச் சொத்து, இதெல்லாம் ஆர்.டிஸ்ஸில் போகும். ஆளைப் பற்றிய அன்றாடக் காகிதம் குறைந்த ஆயுளில் போகும். ஆகவே 1890ல் வார்டுக்குக் கூரை மாற்றிய உத்தரவு இன்றும் இருக்கும். அந்த வார்டில் படுத்திருந்தவரின் பெயர் இருக்காது. நோயாளி காகிதத்துக்கு இன்றைய விதியும் அப்படித்தான். 2002ம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைப்படி உள்நோயாளி ஆவணத்தை ஒரு மருத்துவர் மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும். (நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் கொடுக்கவேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. பலருக்குத் தெரியாது, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.)

எனவே கல்மண்டபத்தான் தம்பி, பாட்டியின் பெயரை ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் தேடுவதைவிட, ஆஸ்பத்திரியைப் பற்றி மேலே எழுதிய கடிதங்களில் தேடுங்கள். செலவு கேட்டு எழுதும்போதும், புகார் வந்தபோதும், விசாரணை நடந்தபோதும்தான் ஏழையின் பெயர் நிரந்தரக் கோப்புக்குள் நுழையும்.

ஏட்டுச்சுருள்:

பழைய கோப்பு ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இனி இடங்கள்.

முதலில் எழும்பூர், தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அந்தச் சிவப்புக் கட்டடம் 1909ல் மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸாகத் திறந்தது, 1973ல் இன்றைய பெயர் வந்தது. கும்பினி காலத்துக்குப் பொதுத்துறை ஆலோசனைக் குறிப்புகள், மருத்துவ வாரிய நடவடிக்கைகள். விக்டோரியா காலத்துக்கு அரசாணைகள். எல்லாவற்றுக்கும் ஆண்டுவாரியாக அச்சிட்ட சுட்டி (இண்டெக்ஸ்) உண்டு. நேராகத் தொகுதியைக் கேட்காதீர்கள், சுட்டியைக் கேளுங்கள். அதில் சத்திரத்தின் பெயரில் ஒரு தலைப்பும் மருத்துவமனைகள் என்ற தலைப்பில் இன்னொன்றும் பாருங்கள். ஆய்வாளராகப் போவதானால் ஒரு கல்லூரியின் பரிந்துரைக் கடிதம் கையில் இருப்பது நல்லது.

இரண்டாவது, லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்கள். கும்பினி ஆட்சியில் இங்கே நடந்த ஆலோசனைகளின் நகல் கப்பலில் அங்கே போய்க்கொண்டே இருந்தது. இங்கே செல்லரித்த தாளுக்கு அங்கே முழுப் பிரதி இருக்க வாய்ப்பு உண்டு. 1796 முதல் 1858 வரையிலான வாரியத் தொகுப்பு என்று ஒரு வரிசை இருக்கிறது. ஒவ்வொரு விவகாரத்துக்கும் வேண்டிய கடிதங்களையெல்லாம் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பார்கள், படிக்க எளிது.

மூன்றாவது, அச்சான ஆண்டறிக்கைகள். மாகாண மருத்துவமனைகள், மருந்தகங்கள் பற்றி வருடாவருடம் வெளியானவை. உள்நோயாளி, வெளிநோயாளி, என்ன நோய், எத்தனை சாவு, யார் எவ்வளவு நன்கொடை. கன்னிமரா நூலகத்தில் பாருங்கள். அப்போதைய பட்டணத்துப் பஞ்சாங்கம் போல ஆண்டுதோறும் அசைலம் அச்சகம் ஒரு விவரப் புத்தகம் போட்டது. அதில் தரும ஸ்தாபனங்களின் நிர்வாகிகள் பெயர் வரும்.

ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பிரிட்டிஷ் இந்தியாவின் மருத்துவ அறிக்கைகளை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. மெட்ராஸ் தொடர்பானவையும் உண்டு. வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

உங்கள் பாட்டியின் காலம் 1876 முதல் 1878 வரை. அந்தப் பஞ்சத்துக்கு மட்டும் காகிதம் ஏராளம், காரணம் அதிகாரிகளுக்குள்ளேயே சண்டை. பஞ்சத் தூதராக வந்த ரிச்சர்டு டெம்பிள், பஞ்ச நிவாரண வேலை முகாமில் ஓர் ஆணுக்கு நாளுக்கு 1 பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்றார். 1 பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அது ஆளைக் கொல்லும் என்று எழுதி எழுதி எதிர்த்தார். தன் வாதத்துக்காக முகாம்களில் இருந்தவர்களின் உடல் நிலையையும் சாவுகளையும் சேகரித்தார். 1877ல் கூலியை உயர்த்த வேண்டிவந்தது. அப்போது மெட்ராஸ் டைம்ஸ் ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி நிவாரண நிதிக்குச் செயலாளராகவும் இருந்து, 1878ல் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். அதில் மணியக்காரர் சத்திரமும் வருகிறது. பாட்டி நின்ற வரிசை எப்படி இருந்தது என்று அங்கே படிக்கலாம்.

சத்திரத்தின் சொந்தக் காகிதம் அரசிடம் போகாது. அது அறக்கட்டளையின் கையில் இருக்கவேண்டியது. பழைய ஜெயில் ரோட்டில் போய் மரியாதையாகக் கேளுங்கள்.

தண்டையார்பேட்டை அக்கா:

ஸ்டான்லியைப் பற்றியே பேசுகிறீர்களே, ரெய்னி ஆஸ்பத்திரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் பிரசவம் அங்கேதான்.

மட்டில்டா மக்ஃபெயில் என்ற ஸ்காட்லாந்து டாக்டரம்மா 1888ல் மெட்ராஸ் வந்தார். ஆண் டாக்டரிடம் காட்ட மறுக்கும் பெண்களுக்காகத் தன் வீட்டிலேயே சில படுக்கைகள் போட்டுத் தொடங்கினார். ராயபுரத்தில் இன்றைய ஆஸ்பத்திரி 1914ல் வந்தது. பணம் திரட்டிக் கொடுத்த கிறிஸ்டினா ரெய்னியின் பெயரை வைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் குண்டு போட்டதில் ஊரே காலியானது என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நான் சொல்லவந்தது, மிஷன் ஆஸ்பத்திரிகளின் காகிதத்தில் பெயர்களும் முகங்களும் கிடைக்கும். காசு கொடுத்தவர்கள் கடல் தாண்டி இருந்தார்கள். அவர்களுக்கு வருஷாவருஷம் கடிதம் எழுதவேண்டும். “இந்த மாதம் இப்படி ஒரு பெண் வந்தாள், இப்படிக் குணமானாள்” என்று கதை சொல்லித்தான் நிதி கேட்பார்கள். அந்தக் கடிதங்கள் எடின்பரோவில் மிஷன் ஆவணங்களோடு இருக்கின்றன. பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிய அதைவிட நல்ல இடம் இல்லை.

ஏட்டுச்சுருள்:

அக்கா, உண்மை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்தக் கடிதங்கள் நன்கொடையாளர் மனதைக் கரைக்க எழுதியவை. குணமானவர் கதை அதிகம் வரும், சாவு குறைவாக வரும். அரசு அறிக்கையின் எண்களைப் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும்.

தண்டையார்பேட்டை அக்கா:

சரி. ஆனால் எண்ணில் என் பாட்டி இல்லை தம்பி, கடிதத்தில்தான் இருக்க வழி உண்டு.

மூலக்கொத்தளம்:

எல்லோரும் பெயர் பெயர் என்கிறீர்கள். நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். சத்திரத்தை ஒட்டித் தொழுநோய் ஆஸ்பத்திரியும் இருந்தது. எங்கள் குடும்பத்தில் ஒருவரை அங்கே கொண்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பெண் எடுக்க ஆள் வரவில்லை. ஊரை விட்டே வந்தோம். இன்றும் நாங்கள் எந்த ஊர் என்று யாரிடமும் சொல்வதில்லை.

இப்போது அந்தப் பதிவேட்டை ஸ்கேன் செய்து பெயர், சாதி, ஊர், தகப்பன் பெயரோடு இணையத்தில் போட்டால் என்ன ஆகும்? செத்தவருக்கு மானம் இல்லையா? வரலாறு என்றால் எதை வேண்டுமானாலும் திறக்கலாமா?

84 பேட்ச்:

மூலக்கொத்தளம், நீங்கள் சொல்வது நியாயம். நோயாளியின் ரகசியம் அவர் செத்ததோடு முடிவதில்லை என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அம்மை, தொழுநோய், மனநோய், பால்வினை நோய், இந்த நான்கு பதிவேடுகளையும் மற்றவற்றோடு சேர்த்துப் பார்க்கக்கூடாது.

பழைய கோப்பு:

அதற்காக அழித்துவிடுவதா? அழித்தால் கெட்ட பெயர் போகும், அந்த மனிதரும் போய்விடுவார். பூட்டி வைக்கலாம். இத்தனை ஆண்டு கழித்துத் திறக்கலாம் என்று விதி போடலாம். சொந்தக்காரர் என்று நிரூபித்தவருக்கு மட்டும் காட்டலாம். பூட்டுவதற்குக்கூட முதலில் காகிதம் இருக்கவேண்டும் அல்லவா?

மூலக்கொத்தளம்:

பூட்டு யார் கையில் என்பதுதான் என் கேள்வி ஐயா. சாதி எழுதிய காகிதம் யார் கையில் கிடைத்தாலும் எங்களுக்குப் பயம்தான். பெயரை மறைத்து நோய், வயது, தொழில், ஊர் மட்டும் வெளியிட்டால் எனக்கு மறுப்பு இல்லை. முழுப் பதிவேட்டைக் குடும்பம் கேட்டால் மட்டும், அதுவும் நேரில். அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன்.

ஏட்டுச்சுருள்:

சிறு கிராமம் என்றால் ஊர்ப் பெயரே ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஊரையும் தாலுகா அளவில் நிறுத்துவது நல்லது. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எனக்கு இன்னும் கவனம் வேண்டும் என்று தோன்றுகிறது. எழுதியதற்கு நன்றி.

காகிதத்தைக் காப்பாற்றுவது பற்றியும் ஒரு வார்த்தை. கடுக்காய், இரும்பு உப்பு கலந்த பழைய மை நாளாக ஆகத் தாளையே அரிக்கும். எழுத்து இருந்த இடம் ஓட்டையாகும். தைமால் புகை போட்டுப் பூச்சியைக் கொல்வதும், மெல்லிய டிஷ்யூ தாளோ ஷிஃபான் துணியோ ஒட்டித் தாங்க வைப்பதும் காப்பகங்களில் செய்யும் வேலை. வீட்டிலோ ஆஸ்பத்திரியிலோ பழைய பதிவேடு கிடைத்தால் செல்லோடேப் மட்டும் ஒட்டாதீர்கள். அந்தப் பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். லாமினேட் செய்யவே கூடாது. ஈரமில்லாத அலமாரியில் படுக்கவைத்து, போன் கேமராவில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடுங்கள்.

கல்மண்டபத்தான்:

இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. ஐயா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. மூலக்கொத்தளம், உங்கள் பதிவை வீட்டில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பாட்டியின் குழந்தை எதனால் இறந்தது என்று வீட்டில் யாரும் கேட்கவிட்டதில்லை. ஏன் என்று இப்போது யோசிக்கிறேன்.

முதலில் சத்திரத்தில் கேட்கிறேன், பிறகு எழும்பூரில் 1876, 1877, 1878 ஆண்டுகளின் சுட்டி. தாத்தாவின் 1936 பிறப்புக்கு மட்டும் வழி சொல்லுங்கள். ஆர்.எஸ்.ஆர்.எம்.மில் நேராகக் கேட்கலாமா?

பழைய கோப்பு:

1880ல் ராஜா சர் ராமசாமி முதலியார் கொடையில் வந்த ஆஸ்பத்திரி அது. பிறப்பைப் பொறுத்தவரை ஆஸ்பத்திரியில் தொடங்கவேண்டாம், மாநகராட்சியில் தொடங்குங்கள். ஆஸ்பத்திரி தன் பிரசவப் பதிவேட்டிலிருந்து மாநகராட்சிக்குத் தகவல் அனுப்பும், சான்றிதழ் மாநகராட்சிப் பதிவேட்டிலிருந்துதான் வரும். ராயபுரம் மண்டல அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பிரிவில் விண்ணப்பம் கொடுங்கள். பழைய ஆண்டு என்பதால் இணையத்தில் வராது, புத்தகத்தைப் புரட்டத்தான் வேண்டும்.

தாத்தாவின் பெயரைச் சொல்லித் தேடச் சொல்லாதீர்கள். அந்தக் காலத்தில் பெயர் வைக்கும் முன்பே பதிவு நடந்துவிடும். “ஆண் குழந்தை” என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயர், தாய் பெயர், தெரு, இந்த மூன்றையும் எழுதிக் கொடுங்கள். தகப்பன் பெயரை இங்கிலீஷில் எப்படியெல்லாம் எழுதியிருக்க முடியுமோ அத்தனையும் எழுதுங்கள். பிறந்த தேதி சரியாகத் தெரியாவிட்டால் பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதிக்கு முன்னும் பின்னும் இரண்டு ஆண்டு பார்க்கச் சொல்லுங்கள், பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டிப் போடுவது அப்போது சாதாரணம். பதிவு கிடைத்தால் 1969ம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14ம் பிரிவு பற்றிக் கேட்டு, பெயர் சேர்க்க முடியுமா என்று விசாரியுங்கள். கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்து எங்கே போனாலும் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.